குரோனிங்கன் நகரில் மாணவர் உவகை

மாணவப் பருவம் இன்பப் பருவம் என்பர் சிலர்; இன்பத்தைத் தள்ளி வைத்தற்குரிய பருவம் என்பர் வேறு சிலர். முன்னவர் கூற்றை விடுதிக் கூடத்தில் மிகுதியாகக் கேட்கலாம். பின்னவர் கூற்றைப் பெற்றோர் கடிதங்களிற் படிக்கலாம். தம்முள் மாறுபட்ட இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர். கல்வி வேறு, உவகை வேறு. ஒன்று வளர மற்றொன்று தேயும் என்பதே அது. இக்கொள்கை மெய்தானா என ஆராய்தற்கு ஒரு நகரை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாட்டின் வடபாலுள்ள குரோனிங்கன், மாணவர் மகிழ்ச்சிக்கும் கல்விக்கும் ஒருங்கே பெயர்பெற்றது. நூல்வழி அறிந்த அதன் செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தொல்காப்பியமே நமக்குத் தருகின்றது. மெய்ப்பாட்டியலிற் கூறப்பெற்ற எண்வகை மெய்ப்பாட்டுள் இறுதிக்கண் நிற்பது உவகை. அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் பற்றித் தோன்றும் என்பது ஆசிரியர் கருத்து. புலன் என்பது அறிவு. புணர்வு என ஆசிரியர் கொண்டது காதற் கூட்டமே ஆயினும், மாணவரைப் பற்றிய இக்கட்டுரையில் நட்பென்னுங் கூட்டத்தையே அச்சொல்லாற் குறிப்போம். அறிவையும் விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்தெண்ணிய ஆசிரியர் உள்ளப் பாங்கை மாணவர் நோக்குவாராக. இந்நான்கனையும், வரிசையைச் சிறிது மாற்றி, குரோனிங்கனில் தேடுவோம்.

நகரின் இயல்பு

குரோனிங்கன், அதே பெயருடைய மாகாணத்தின் தலைநகர். 2019-ஆம் ஆண்டில் ஹாரென், தென் போயர் என்னும் அயலூர்கள் இதனோடு இணைந்தபின் இதன் மக்கட்டொகை 2,30,000-ஐக் கடந்தது. இலண்டன், பாரிசு போன்ற மாநகரமும் அன்று. உறங்கிக் கிடக்கும் சிற்றூரும் அன்று. பல்கலைக்கழகத்தில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோர் பயில்கின்றனர். ஹான்சே என்னும் தொழிற்கல்வி நிலையத்து மாணவரையும் கூட்டிப் பார்த்தால், நகர மாந்தருள் ஏறக்குறைய நால்வர்க்கொருவர் மாணவராவர். ஆதலின் அங்கே மாணவர் நகரின் ஒரு மூலையில் மதிலுக்குள் வாழ்வதில்லை. கடைத்தெருவிலும் சந்தையிலும் பூங்காவிலும் அவரே நிறைந்துளர்.

பல்கலைக்கழகம் 1614-இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் வரலாற்றறிஞரான உப்போ எம்மியஸ். அந்நாட்டில் இன்று நிலவும் பல்கலைக்கழகங்களுள், 1575-இல் தோன்றிய லெய்டனுக்கு அடுத்த மூப்புடையது இதுவே. இதன் தலைமைக் கட்டடம் 1906-இல் தீக்கிரையாயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1909-இல் எழுந்தது. அதற்கு எதிரிலேயே நூல் நிலையம் உள்ளது. நகரின் நடுவில் ஏறக்குறைய 97 மீட்டர் உயரமுள்ள மார்த்தினி கோபுரம் நிற்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டிற் கட்டப்பெற்ற அதனை அவ்வூரார் தம் வழக்கில் ‘சாம்பல்நிறக் கிழவர்’ என அன்போடு அழைப்பர்.

நகருக்கும் மாணவர்க்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. 1672-இல் மூன்ஸ்டர் நாட்டு ஆயர் பெரும்படையுடன் வந்து நகரை முற்றுகையிட்டபோது, மதில் காத்தவருள் மாணவர் படையும் ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் முற்றுகை நீங்கிற்று. அந்நாளை நகர மக்கள் இன்றும் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

செல்வம்

மாணவர்க்கேது செல்வம் என வினவலாம். குரோனிங்கன் மாணவரின் முதற்செல்வம் ஒரு பழைய மிதிவண்டி. அது வறியவனையும் உள்ளவனையும் ஒரே வேகத்திற் கொண்டு செல்வது. நகருக்குள் நிகழும் பயணங்களிற் பாதிக்கு மேல் மிதிவண்டியிலேயே நிகழ்கின்றன. இது தானே அமைந்ததன்று. நகர மன்றம் துணிந்து செய்த செயலின் பயனாகும்.

1977-இல் நகர நடுப்பகுதியை நான்கு கூறாகப் பிரித்தனர். மோட்டார் வண்டி ஒரு கூற்றினின்று மற்றொன்றுக்கு நேரே செல்லலாகாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றியே வருதல் வேண்டும். நடந்து செல்வோரும் மிதிவண்டியினரும் நேரே செல்லலாம். இவ்வளவே விதி. கடைக்காரர் பலர் வாணிகம் கெடும் என எதிர்த்தனர். அத்திட்டத்தை முன்னின்று நடத்திய மாக்ஸ் ஃபான் டென் பெர்க் என்னும் நகர மன்றத்தார்க்கு அப்போது வயது முப்பத்தொன்று. விதி நிலைத்தது; நடுநகர் அழியவில்லை. பின்னர், பழைய அகழியும் மதிலும் இருந்த இடத்தில் அமைந்த நோர்தர்பிளான்சூன் என்னும் பூங்காவிலும், 1994-இல் நகர மக்கள் வாக்கெடுப்பின்படி மோட்டார் வண்டி நிறுத்தப்பட்டது. இன்று மாணவர் புல்லின்மேல் அமர்ந்து படிக்கும் இடம் அதுவே.

இனி இச்செல்வத்தின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மிதிவண்டி எளிதிற் கிடைக்கும். அறை எளிதிற் கிடையாது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தம் மாணவர்க்கெல்லாம் விடுதி அமைத்துத் தருவதில்லை. மாணவர் ஐவரோ பதின்மரோ சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குக் கொண்டு, ஆளுக்கோர் அறையில் வாழ்வர். ஓர் அறை காலியாயின், வேண்டுவோரை ஒரு மாலைப்பொழுதில் வரவழைத்து, வீட்டிலுள்ளாரே உரையாடித் தமக்கேற்ற ஒருவரைத் தெரிந்துகொள்வர். ஓரறைக்குப் பலர் வந்து நிற்பர். அந்நாட்டு மொழியறியாது புதிதாக வந்த அயல்நாட்டார்க்கு அம்மாலை இனிய மாலையாவது அரிது. 2018-ஆம் ஆண்டுத் தொடக்கப் பருவத்தில் இடங்கிடையாத அயல்நாட்டு மாணவர் சிலர் தங்குதற்குக் கூடாரங்கள் அமைக்க நேர்ந்தது.

பொருளுதவியின் வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. மாணவர் யாவர்க்கும் அரசு வழங்கிவந்த அடிப்படை உதவித்தொகை 2015-இல் நிறுத்தப்பட்டுக் கடன் முறை புகுத்தப்பட்டது. கடன் சுமந்த இளைஞர் வீடு வாங்கவும் இடர்ப்பட்டனர் என்னும் குரல் எழவே, 2023-இல் அவ்வுதவித்தொகை மீண்டது. தலைக்குமேற் கூரையும் கையிற் சிறிது பொருளும் இல்லார்க்கு மற்றை மூவகை உவகையும் எட்டாக்கனியே என்பது இதனாற் பெறப்படும்.

புணர்வு

ஒவ்வோராண்டும் ஆகஸ்டு மாதத்தில் புதிய மாணவரை வரவேற்கும் வாரம் ஒன்று உண்டு. அதனைக் கெய் வாரம் என்பர். புதியோர் சிறு சிறு குழுவாகப் பிரிந்து, மூத்த மாணவர் இருவர் வழிகாட்ட, நகரைச் சுற்றி வருவர். விளையாட்டுக் கழகம், இசைக் கழகம், பாடத்துறைச் சங்கம் முதலியவற்றைக் காண்பர். வகுப்பில் முதற்பாடம் நடைபெறுமுன் நண்பர் சிலர் அமைந்துவிடுவது இதன் பயன்.

வீட்டு வாழ்க்கையும் நட்பை வளர்க்கின்றது. பொதுச் சமையலறையில், இன்றிரவு உண்பார் யார், சமைப்பார் யார் எனக் குறிக்கும் பட்டியல் உண்டு. சமைக்கத் தெரியாதவனும் தன் முறை வந்தால் அடுப்பை மூட்டியே ஆகவேண்டும். முறை தவறியவன் பெரும்பாலும் அவ்வூர்ப் பண்டமாகிய முட்டை உருண்டையை வாங்கி வந்து பழியைத் தீர்ப்பான் போலும். அவித்த முட்டையைக் காரக் குழம்புக் கூழால் மூடி, ரொட்டித் தூளிற் புரட்டி எண்ணெயிற் பொரித்தெடுப்பது அது. நள்ளிரவிற் பசித்து வருவார்க்கு அதுவே அமுதம்.

சங்கங்களுள் மிகப் பழையது 1815-இல் தோன்றிய விந்திகாட். நெதர்லாந்தின் மாணவர் சங்கங்களுள் மூத்தது அதுவே என்பர். பழஞ் சங்கங்கள் வாழ்நாள் நட்பைத் தந்தன; அதே வேளையில், புதியோரைச் சேர்த்துக்கொள்ளும்போது இழிவுபடுத்தித் துன்புறுத்தும் தீய வழக்கம் அந்நாட்டுச் சங்கங்கள் பலவற்றில் வேரூன்றி, உடற்காயத்துக்கும் வழக்குக்கும் இடமாயிற்று. துன்பத்தை ஒருங்கு நுகர்ந்தார்க்கு ஒற்றுமை உண்டாகும் என்பது அதற்குக் காட்டப்படும் நியாயம். ஒருவர் மற்றொருவர்க்கு இழைக்கும் துன்பத்தால் உண்டாவது அச்சம். அச்சமும் மெய்ப்பாடெட்டனுள் ஒன்றேயாயினும் உவகையன்று. இக்குற்றம் கடல்கடந்த நாட்டுக்கு மட்டும் உரியதென நாம் எண்ணிவிடுதல் வேண்டா.

விளையாட்டு

விளையாட்டைப் பற்றிப் பேசுங்கால் குரோனிங்கன் ஈன்ற மைந்தர் ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. அவர் யோஹான் ஹொய்சிங்கா. 1872-இல் அந்நகரிற் பிறந்து, அங்கேயே பயின்று, 1905 முதல் 1915 வரை அங்கே வரலாற்றுப் பேராசிரியராக விளங்கி, பின்னர் லெய்டனுக்குச் சென்றவர். நம் நாட்டார்க்கு வியப்பூட்டும் செய்தியொன்றுண்டு. அவர் வடமொழி பயின்றவர். 1897-இல் டாக்டர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சி, இந்திய நாடகத்தில் வரும் விதூஷகனைப் பற்றியது. அரசன் அருகில் நின்று நகை விளைவிக்கும் அந்தணனை, வடகடலோரத்து இளைஞர் ஒருவர் தம் முதலாராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டார்.

அவர் வரலாற்றில் நாட்டங்கொண்ட காரணம் இன்னும் சுவையுடையது. 1879-இல், அவர் ஆறு வயதுச் சிறுவராயிருந்தபோது, குரோனிங்கன் மாணவர் பழங்கால உடையணிந்து பெரியதோர் ஊர்வலம் நடத்தினர். 1506-இல் எட்சார்ட் என்னும் கோமான் நகர்புகுந்த காட்சியை அவர்கள் நடித்துக் காட்டினர். அக்கோலாகலமே தம் நெஞ்சில் வரலாற்று வேட்கையை விதைத்தது என ஹொய்சிங்கா பிற்காலத்தில் எழுதினார். ஊர்வலஞ் சென்ற மாணவர் தம் களிப்பையே கருதினர். தெருவோரத்து நின்ற ஒரு குழந்தையின் உள்ளத்தில் ஒரு பேராசிரியர் பிறந்ததை அவர் அறியார். விளையாட்டு வீணென்பார் இதற்கென்ன விடை கூறுவர்?

அவர் 1938-இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ என்னும் நூல் உலகப் புகழ் பெற்றது. ‘விளையாடும் மனிதன்’ என்பது அப்பெயரின் பொருள். அதன் சாரத்தை மூன்று கூறாகக் கூறலாம். முதலாவது, விளையாட்டு நாகரிகத்தினும் மூத்தது, விலங்குகளும் விளையாடுகின்றன. இரண்டாவது, விளையாட்டு தன்விருப்பால் நிகழ்வது, தனக்கென ஓரிடமும் ஒரு காலமும் விதியும் உடையது, பொருட்பயன் கருதாதது. மூன்றாவது, வழக்குமன்றம், கவிதை, மெய்ப்பொருளாராய்ச்சி முதலியன விளையாட்டின் மடியிலேயே வளர்ந்தன. வினாவும் விடையுமாகப் புலவர் நிகழ்த்திய சொற்போர் அறிவுக்கு வழியாயிற்று. அது முதலில் ஆட்டமே. பட்டிமண்டபமும் விடுகதையும் உடைய தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று.

ஆயினும் ஹொய்சிங்கா எல்லாக் கூத்தையும் விளையாட்டென ஒப்பவில்லை. கூட்டமாக அணிவகுத்தல், முழக்கமிடுதல், சின்னம் அணிந்து திரிதல், நகைச்சுவை பொறாமை ஆகியவற்றை அவர் வளர்ந்தோரின் சிறுபிள்ளைத்தனம் என இகழ்ந்தார். உண்மை விளையாட்டு விதியை மதிப்பது. எதிரியையும் உடனாடுவோனாகக் கருதுவது. 1938-இல் ஐரோப்பாவின் தெருக்களில் நிகழ்ந்த அணிவகுப்புக்களை நினைவார்க்கு இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும்.

இன்றைய குரோனிங்கனிலும் ஆட்டத்துக்குக் குறைவில்லை. சனவரியில் ஐரோப்பியப் புதிய இசைக்குழுக்கள் கூடும் பெருவிழா நடைபெறும். கோடையிறுதியில் பூங்காவில் நாடக விழா நடைபெறும். உணவகங்களும் மதுச்சாலைகளும் இரவில் மூடும் நேரம் வரையறுக்கப்படாமைக்கு அந்நகர் நெடுங்காலம் பெயர்பெற்றது. 2019-இல் திறக்கப்பட்ட ஃபோரம் என்னும் மாளிகையில் நூலகமும் திரையரங்கும் ஒரே கூரையின்கீழ் அமைந்துள்ளன. அதன் உச்சி முற்றத்தினின்று நகர் முழுவதையும் காணலாம். நூலும் ஆடலும் ஒரே மனையில் வாழலாம் என்பதைக் கல்லிலும் கண்ணாடியிலும் எழுதிக்காட்டினாற்போன்றது அம்மாளிகை.

புலன்

இவ்வளவு களிப்பிடையே கல்வி நடைபெறுகின்றதா? கணக்கைப் பார்ப்போம். ஓராண்டுப் பாடம் 60 புள்ளிகளால் அளக்கப்படும். ஒரு புள்ளி 28 மணிநேர உழைப்பு. ஆகவே ஆண்டுக்கு 1,680 மணிநேரம். முதலாண்டில் 45 புள்ளியேனும் பெறாத மாணவர், தக்க காரணம் காட்டினாலன்றி, அப்பாடத்தைத் தொடர இயலாதென்பது குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் விதியாயிருந்து வந்துளது. விரும்பியபடி ஆடலாம், ஆயின் கணக்கு ஒருநாள் வரும்.

மதிப்பெண் பத்துக்கு இடப்படும். ஆறு பெற்றால் தேர்ச்சி. பத்து பெறுவார் மிக அரியர். இதனால் ‘ஆறு போதும்’ என்னும் மனப்பான்மை பிறந்தது. அந்நாட்டார் அதற்குத் தனிப்பெயரே இட்டுப் பழித்துரைப்பர். ஆறு பெற்று மீதிப் பொழுதைச் சங்கத்தில் செலவிடுவதே அறிவுடைமை என்பார் ஒருபால். அரசின் பொருளால் அரைகுறையாகக் கற்பது தகாதென்பார் மற்றொருபால். ஆறோடு அமைந்தவனுக்கு விளையாட்டில் உவகை உண்டாகலாம். புலனால் வரும் உவகை உண்டாகாது. நான்கில் ஒன்றை அவன் தானே இழந்தவனாகின்றான் என்பது எம் கருத்து.

புலனுவகையின் உயரத்தைக் காட்டுதற்கும் அந்நகரில் சான்றுண்டு. திரவ ஹீலியத்தை முதலிற் கண்ட காமர்லிங் ஓன்னெஸ் அந்நகரிற் பிறந்து அங்கே பயின்றவர். அங்கே பேராசிரியராயிருந்த ஃபிரிட்ஸ் சேர்னிக்கே, உயிரணுவைச் சாயமிட்டுக் கொல்லாமலே தெளிவுறக் காட்டும் நுண்ணோக்கி முறையைக் கண்டு 1953-இல் நோபெல் பரிசு பெற்றார். மூலக்கூறளவில் இயங்கும் சிறு பொறிகளை ஆக்கிய பென் ஃபெரிங்கா 2016-இல் அப்பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார்.

எனினும், இவ்வுவகையின் வாயில் நெடுங்காலம் பாதிப்பேர்க்கே திறந்திருந்தது. 1614 முதல் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே பெண்ணொருத்தி மாணவியாகச் சேர்ந்ததில்லை. சாப்பமேர் என்னும் ஊரில் மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்த அலெத்தா யாக்கோப்ஸ், 1871-இல் முதலமைச்சர் தோர்பெக்கேக்குத் தாமே கடிதம் எழுதிப் பல்கலைக்கழகத்திற் சேர இசைவு கேட்டார். அப்போது அவர்க்கு வயது பதினேழு. ஓராண்டு சோதனையாக இசைவு கிடைத்தது. 1872-இல், தோர்பெக்கே இறக்குந் தறுவாயில், அது நிலைபேறாயிற்று. 1879-இல் அவர் குரோனிங்கனில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆம்ஸ்டர்டாமில் மருத்துவராய் ஏழை மகளிர்க்குத் தொண்டு புரிந்தார். 1883-இல் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டார். சட்டத்தில் ஆண் என்ற சொல் இல்லையே என்பது அவர் வாதம். மறுத்ததோடமையாது, 1887-இல் அச்சொல்லையே சட்டத்திற் சேர்த்துவிட்டனர். முப்பதாண்டுக்கு மேற்பட்ட போராட்டத்தின்பின் 1919-இல் அந்நாட்டு மகளிர் வாக்குரிமை பெற்றனர். அதனைக் கண்ணாரக் கண்டபின்னரே, 1929-இல் அவர் மறைந்தார். ஒரு கடிதம் எழுதுந் துணிவால் ஒரு வாயில் திறந்தது. இன்று அந்நகரில் மிதிவண்டியேறி வகுப்புக்கு விரையும் மாணவியர் யாவரும் அவ்வாயில் வழியே செல்வோரே.

சோதனைக் காலம்

உவகை மெய்யானதா வெறுங் களியாட்டமா என்பது துன்பக் காலத்திலேயே புலப்படும். 1940 மே மாதத்தில் செருமானியர் நெதர்லாந்தைக் கைப்பற்றினர். அவ்வாண்டே யூத ஆசிரியர்கள் பணியினின்று விலக்கப்பட்டனர். அவருள் ஒருவர் குரோனிங்கனின் மெய்ந்நூற் பேராசிரியர் லெயோ போலாக். 1941-இல் அவர் சிறைப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் சாக்சன்ஹவுசன் சிறைமுகாமில் உயிர்நீத்தார். ஹொய்சிங்காவும் 1942-இற் காவலில் வைக்கப்பட்டார். விடுதலை நாளைக் காணாமலே 1945 பிப்ரவரியில் இறந்தார்.

1943-இல் ஒரு கட்டளை பிறந்தது. ஆள்வோர்க்கு எதிராக எதுவுஞ் செய்யேன் என்னும் உறுதிமொழியில் ஒவ்வொரு மாணவரும் கையெழுத்திடல் வேண்டும். இடாதவர் படிப்பைத் தொடரலாகாது. ஒரு கையெழுத்து இட்டால் வகுப்பு உண்டு, நண்பர் உண்டு, பட்டம் உண்டு. இடாவிடின் செருமனியில் கட்டாய வேலை, அல்லது தலைமறைவு. நாடு முழுதும் மாணவரிற் பெரும்பாலோர் கையெழுத்திட மறுத்தனர். கல்விக்கூடங்கள் வெறிச்சோடின. ஒரே சமையலறையில் உண்டு ஒரே படகில் துடுப்பு வலித்துப் பழகிய இளைஞர்க்கு, ஒருங்கு நின்று இல்லையென்று சொல்லும் ஆற்றலும் அப்பழக்கத்தினின்றே ஓரளவு வந்திருத்தல் கூடும். அனைவரும் அவ்வாறு நின்றாரல்லர், ஒப்பமிட்டாரும் உண்டு. ஆயினும் மறுத்தோர் தம் இளமையின் இனிய ஆண்டுகளை அறிந்தே இழந்தனர். 1945 ஏப்ரல் 13 முதல் 16 வரை கனடா நாட்டுப் படையினர் தெருத்தெருவாகப் போரிட்டுக் குரோனிங்கனை விடுவித்தனர். பெருஞ்சந்தைச் சதுக்கத்தின் இரு பக்கங்கள் இடிந்தெரிந்தன, கோபுரம் நின்றது. மாணவர் மீண்டனர், பாடமும் பாட்டும் மீண்டன.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை. கல்வியும் உவகையும் பகையல்ல. மாணவர் ஊர்வலத்தில் வரலாற்றாசிரியர் ஒருவரும், விதூஷகன் நகையில் ஒரு பேராராய்ச்சியும் பிறந்தமை காண்க. ஆயினும் நான்கு ஊற்றுக்களில் ஒன்றை அடைத்து மற்றொன்றைப் பெருக்குவார்க்கு உவகை நிலைப்பதில்லை. தங்க இடமில்லாதவனைப் புறத்தே நிறுத்திப் பாடும் பாட்டும், புதியவனை அழவைத்து நகும் நகையும், ஆறோடு அமைந்த கல்வியும், பெண்ணுக்கு வாயிலடைத்த கலைக்கூடமும் குறைபட்ட உவகையே.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியிலும் நான்கு ஊற்றும் உள. விடுதியிற் புதிதாக வந்து எவரோடும் பேசாது உண்டெழும் முதலாண்டு மாணவர் இருக்கின்றாரா என இன்றிரவே பாருங்கள். அவரை உங்கள் பந்தியில் அமர்த்திக்கொள்வதற்குப் பொருட்செலவு யாதுமில்லை. நூல் நிலையமும் ஆடுகளமும் நாளைக் காலையிலும் அங்கேயே இருக்கும்.